சைக்கிள் அக்கா பதில்கள்: முதலில் காற்று, அப்புறம் குஞ்சம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: "கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, சைக்கிளுக்கு என்ன வாங்கி மாட்டலாம்?" பதிலுக்குள் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே சொல்லும் விலை எல்லாம் புதுக்கோட்டையில் என் கடையில் இன்று விற்கிற விலை. உங்கள் ஊரில் பத்து இருபது ரூபாய் கூடக் குறைய இருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் விலையில்லா சைக்கிள் கொடுத்தார்கள். பள்ளி 6 கிலோமீட்டர். பாட்டி 500 ரூபாய் கொடுத்து, "சைக்கிளுக்கு ஏதாவது வாங்கிக்கோ" என்றார்கள். தோழிகள் எல்லாம் கலர் குஞ்சம், சக்கரத்தில் எரியும் கலர் லைட் என்று வாங்குகிறார்கள். நான் என்ன வாங்கட்டும் அக்கா?
— பிளஸ் ஒன் மாணவி, கறம்பக்குடி

தங்கச்சி, முதல் 60 ரூபாயைப் பொருளுக்குச் செலவழிக்காதே. பக்கத்தில் இருக்கும் சைக்கிள் கடையில் கொடுத்து நட்டு போல்ட் எல்லாவற்றையும் ஒரு முறை இறுக்கச் சொல். எந்தப் புது சைக்கிளாக இருந்தாலும் ஓட ஆரம்பித்த முதல் மாதத்தில் போக்ஸ் கம்பி கொஞ்சம் தளரும், பிரேக் ஒயர் கொஞ்சம் நீளும். அது கோளாறு இல்லை, எல்லாம் இடத்தில் உட்காருகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் இறுக்கிவிட்டால் வருடக்கணக்கில் தொந்தரவு இல்லை. விட்டுவிட்டால் ரிம்மில் கோட்டம் விழும், பெடல் மரை தேய்ந்துபோகும். பெடல் ஆடிக்கொண்டே இருந்து மரை போய்விட்டால் பெடலைத் தாங்குகிற தண்டான கிராங்கையே மாற்ற வேண்டிவரும். இன்னொன்று, இடது பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். வீட்டில் அண்ணனோ அப்பாவோ ஸ்பானரோடு வந்தால் இதை முதலில் சொல்லிவிடு. வலது பக்கம் மாதிரியே திருப்பி மரையைக் கெடுத்த சைக்கிள் மாதம் ஒன்றாவது என் கடைக்கு வருகிறது.

அடுத்து, தரையில் வைத்து அடிக்கிற பம்பு. 280 ரூபாய். "கடையில்தான் காற்று அடிக்கலாமே, இது எதற்கு?" என்று கேட்பாய். கடை திறந்திருக்கிற நேரத்தில் நீ பள்ளியில் இருப்பாய். அதனால் பத்து நாள், பதினைந்து நாள் காற்று பார்க்காமலே ஓட்டுவாய். ரப்பர் டியூபில் ஓட்டையே இல்லாவிட்டாலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். காற்று குறைந்த டயரில் 6 கிலோமீட்டர் மிதிப்பது எதிர்க்காற்றில் மிதிப்பது மாதிரி. சைக்கிள் கனமாக இருக்கிறது, கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிற பத்துப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு நான் செய்கிற வைத்தியம் காற்று அடித்து அனுப்புவதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு சக்கரத்துக்கும் அடித்துவிடு. எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே எண் அச்சடித்திருக்கும்.

பின்னால் மாட்டுகிற சிவப்பு லைட் 120 ரூபாய். மீதி 40 ரூபாய்க்கு வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஸ்டிக்கர் டேப் வாங்கி, பின் மட்கார்டின் அடியிலும் இரண்டு பெடல் ஓரத்திலும் ஒட்டு. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்போது இருட்டிவிடும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உன்னைத் தெரிய வேண்டும்.

500 ரூபாய் சரியாக முடிந்துவிட்டது. குஞ்சம் ஆசையாக இருந்தால் அடுத்த மாதம் வாங்கிக்கொள். அதில் தப்பே இல்லை, ஓடுகிற சக்கரத்தில் சிக்காத நீளத்தில் மட்டும் வாங்கு.

பின் சக்கரத்தில் இரண்டு நாளைக்கு ஒரு முறை காற்று இறங்கிவிடுகிறது. தண்ணீரில் முக்கிப் பார்த்தும் பஞ்சர் இல்லை என்கிறார்கள். புது டியூப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
— வாசகர், கீரனூர்

போடாதீர்கள், முதலில் எச்சில் வைத்துப் பாருங்கள். டியூப் மூக்கின் மூடியைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு மூக்கு வாயில் வையுங்கள். மெதுவாகக் குமிழி வந்தால் குற்றவாளி டியூப் இல்லை, உள்ளே இருக்கிற வால்வு டியூப். கம்பி மாதிரி இருக்கிற வால்வின் மேல் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாய் அது. நம் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். புதிது சில ரூபாய்தான், மாற்ற இரண்டு நிமிடம் ஆகும். இரண்டு மூன்று வாங்கிச் சீட்டுக்கடியில் இருக்கும் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதாவது உண்மையிலேயே டியூப் மாற்ற நேர்ந்தால், "மோட்டார் சைக்கிள் மூக்கு வைத்த டியூப்" என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பழைய ரிம் ஓட்டையிலேயே அது போகும், விலையும் பத்து இருபதுதான் கூட. அதில் இந்த ரப்பர் குழாய் வேலையே இல்லை, பெட்ரோல் பங்கிலும் காற்று பிடிக்கலாம். ஆனால் பங்கில் பிடிக்கும்போது கவனம். சைக்கிள் டியூப் சின்னது, அந்த எந்திரக் காற்று இரண்டு மூன்று நொடியில் நிரம்பிவிடும். விட்டு விட்டு, தொட்டுப் பார்த்துப் பிடியுங்கள்.

எங்கள் பக்கம் சீமைக் கருவேல முள் தாங்க முடியவில்லை. மாதம் மூன்று பஞ்சர். பஞ்சரே ஆகாத டியூப், டியூபுக்குள் ஊற்றும் மருந்து என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. நம்பலாமா?
— விவசாயி, இலுப்பூர்

ஐயா, உங்கள் ஊர்ப் பாதை எனக்குத் தெரியும். அன்னவாசல் தாண்டி உள்ளே போனால் வரப்பு, வாய்க்கால், கண்மாய்க்கரை எல்லாம் கருவேலம்தான். வேலிக்கு வெட்டிப் போட்ட முள் காய்ந்து ரோட்டுக்கு வந்துவிடும். காய்ந்த முள் ஆணி மாதிரி.

முதலில் செலவில்லாத வேலை. பஞ்சர் ஒட்டியபின் அதே இடத்தில் மறுபடி பஞ்சர் ஆகிறதா என்று கவனியுங்கள். ஆகிறது என்றால் முள் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கிறது. வெளியில் பார்த்தால் தெரியாது. டயரின் உட்புறம் முழுக்க ஒரு பஞ்சையோ பழைய வேட்டித் துணியையோ விட்டுச் சுற்றித் தடவுங்கள். நுனி இருக்கிற இடத்தில் நூல் பிடிக்கும். விரலால் தடவ வேண்டாம், குத்திக்கொள்வீர்கள். வெளிப்பக்கம் டயரை வளைத்து, குறடால் ஒவ்வொரு நுனியாகப் பிடுங்கி எடுங்கள். நான் ஒரே டயரில் பதினொரு முள் எடுத்திருக்கிறேன்.

அடுத்தது பழைய டியூப் வைத்தியம். வீணாய்ப்போன டியூப் ஒன்றை எடுத்து மூக்குப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, உள்வட்டத்தில் நீளவாக்கில் கத்தரித்து விரித்தால் ஒரு நீளமான ரப்பர் பட்டை கிடைக்கும். அதை டயருக்கும் நல்ல டியூபுக்கும் நடுவில் வைத்து மாட்டுங்கள். நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மெல்லியதாக்கிவிட்டால் டியூபை உரசாது. சைக்கிள் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். செலவு கிட்டத்தட்ட இல்லை. இதே வேலைக்கென்று பிளாஸ்டிக் பட்டை கடையில் கிடைக்கிறது. அதன் ஓரம் கூர்மையாக இருந்து டியூபையே அறுத்த கதைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்குப் பழைய டியூபே மேல்.

ஊற்றுகிற மருந்து சின்ன முள் ஓட்டையை அடைக்கும், பொய் இல்லை. ஆனால் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும். அதன்பின் ஒரு பெரிய ஓட்டை விழுந்தால் அந்தப் பிசின் இருக்கிற இடத்தில் பஞ்சர் பட்டை ஒட்டாது. காற்றே இல்லாத திட ரப்பர் டியூப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒவ்வொரு குழியும் நேராக ரிம்முக்கும் உங்கள் முதுகுக்கும் போகும்.

என் மகனுக்கு 4 வயது. பால்வாடிக்குக் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப் போகிறேன். அவனுக்கு என்ன வாங்கி மாட்டினால் நல்லது? மெத்தை வாங்கலாமா?
— அம்மா, ஆலங்குடி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மெத்தை கடைசி. முதலில் சக்கரத்துக்கு வலை.

2009இல் நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்கு அப்போது நாலரை வயது. காலையில் கடை திறக்க அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன், அவள் கேரியரில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழராஜ வீதி திரும்பும்போது சைக்கிள் திடீரென்று இறுகி நின்றது. பின்னால் ஒரு அலறல். அவள் வலது குதிகால் போக்ஸ் கம்பிக்கும் பின் கம்பிக்கும் நடுவில். பதற்றத்தில் நான் சைக்கிளைப் பின்னால் தள்ளினேன், அது இன்னும் கிழித்தது. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து கட்டிங் பிளையரால் மூன்று கம்பியை வெட்டிக் காலை எடுத்தார். பார்த்தபோது தோல் உரிந்த மாதிரிதான் இருந்தது, மூன்றாம் நாள் அந்த இடம் கறுத்துப்போனது. முழுசாக ஆறி அவள் செருப்புப் போட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. ஊரார் சைக்கிளுக்கெல்லாம் வலை மாட்டிக் கொடுத்த என் சொந்த சைக்கிளில் அன்று வலை இல்லை. நாளைக்கு மாட்டலாம் என்று வைத்திருந்தேன்.

அதனால் உங்களுக்கு நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே மாட்டுங்கள். லேடீஸ் சைக்கிளில் சேலை, தாவணி சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தின் மேல்பாதியை மூடுகிற வலை இருக்குமே, அதைத்தான் சொல்கிறேன். 90 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. சேலைக்கு மேல்பாதி போதும், குழந்தைக்குப் போதாது. அவன் கால் தொங்குகிற உயரம் வரை, அச்சுக்குக் கொஞ்சம் கீழே வரை மூட வேண்டும். இரண்டு பக்கமும் மூட வேண்டும். கடையில் அந்த அளவு இல்லை என்றால் கோழிக்கூண்டு வலை வாங்கி, வெட்டின ஓரத்தை மடித்து, மெல்லிய கம்பியால் மட்கார்டு கம்பியோடு கட்டச் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை.

இரண்டாவது, பின் அச்சில் மாட்டுகிற கால்மிதி, ஜோடி 70 ரூபாய். தொங்கும் கால்தான் ஆடும், ஆடுகிற கால்தான் உள்ளே போகும். உங்கள் மகன் கால் அச்சுவரை எட்டாது என்றால் கேரியர் கம்பியில் உயரமாக ஒரு மிதி வைத்துப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். மூன்றாவது, அவன் பிடித்துக்கொள்ள உங்கள் சீட்டுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி. சீட்டுக்கடியில் ஸ்பிரிங் இருந்தால் அதற்கு ஒரு மூடியும் போடுங்கள், குழந்தைகள் விரலை அதில் வைத்துவிடுவார்கள். கைப்பிடியும் சாய்மானமும் சேர்ந்த குழந்தை சீட்டு 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்க முடிந்தால் மெத்தைக்குப் பதில் அதை வாங்குங்கள். அப்புறம் செருப்பு வேண்டாம், குதிகால் மூடின ஷூ போட்டு உட்காரவையுங்கள். காலைத் துண்டால் சைக்கிளோடு சேர்த்துக் கட்டுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. செய்யாதீர்கள், சைக்கிள் சாய்ந்தால் குழந்தை விலக முடியாது.

இதைப் படிக்கிற எல்லோருக்கும்: யார் குழந்தையின் காலாவது சிக்கிவிட்டால் சக்கரத்தை முன்னாலும் உருட்டாதீர்கள், பின்னாலும் உருட்டாதீர்கள். கம்பியை வெட்டுங்கள். ஒரு போக்ஸ் கம்பி சில ரூபாய். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே நசுங்கின தோல் சில நாள் கழித்துத்தான் தன் நிலையைக் காட்டும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
— வாசகி, பொன்னமராவதி

வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், மற்ற நாளில் மண்ணைப் பிடித்து மாவாக்கும். மற்ற சமையல் எண்ணெய் பிசினாகிவிடும். வண்டியில் வடித்த கறுப்பு ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் துகள் இருக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில் போதும். செயினின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, ஐந்து நிமிடம் கழித்து வெளியில் இருக்கிற எண்ணெய் முழுவதையும் துணியால் துடையுங்கள். எண்ணெய்க்கு வேலை உள்ளே, வெளியே அது தூசிக்குத்தான் உதவும்.

செயின் மாற்ற வேண்டுமா என்று கடைக்காரர் சொல்வதை மட்டும்தான் நம்ப வேண்டுமா? நானே பார்க்க வழி உண்டா?
— தச்சர், அறந்தாங்கி

அளவு பார்க்கத் தெரிந்த கையிடமிருந்து வந்த கேள்வி, சந்தோஷம். செயினின் ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் சரியாக அரை அங்குலம். ஆகவே 24 கண்ணி சேர்ந்தால் 12 அங்குலம். உங்கள் இரும்பு ஸ்கேலை ஒரு ஆணியின் நடுவில் வைத்து எண்ணிப் பாருங்கள். 24 கண்ணி தள்ளி இருக்கிற ஆணி 12இல் நின்றால் செயின் நன்றாக இருக்கிறது. அரை நூல் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தாண்டி இருந்தால் செயினை மாற்றுங்கள், 150 ரூபாயோடு முடியும். ஒரு நூல் தாண்டும் வரை விட்டுவிட்டால் செயின் தன் நீளத்துக்குப் பல்சக்கரத்தின் பல்லையும் தேய்த்துவிட்டிருக்கும். அப்போது புது செயின் மட்டும் போட்டால் வழுக்கும். பின் பல்சக்கரமான பிரீவீல், முன் பல்சக்கரம் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும், செலவு நான்கு மடங்கு.

ஓய்வுபெற்றபின் டாக்டர் சொல்லிச் சைக்கிள் ஓட்டுகிறேன். வயது 63. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, முழங்காலும் வலிக்கிறது. ஜெல் சீட் கவர் 400 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமயம்

ஐயா, வணக்கம். கவர் வாங்கும் முன் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். முழங்கால் வலி என்று சொன்னவுடனே எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான். சுவரோரம் சைக்கிளை நிறுத்தி ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை முழுக்கக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால், ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். நம் ஊரில் பெரும்பாலோர் இரண்டு காலும் தரையில் முழுசாகப் பட வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து எழுந்திருப்பது போல முழங்கால் ஒவ்வொரு மிதியிலும் மடங்கி எழுகிறது. வலிக்காமல் என்ன செய்யும்? ஒரேயடியாக உயர்த்தாதீர்கள், வாரத்துக்கு அரை அங்குலம். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது வெளியில் தெரியும் அளவுக்கு உயர்த்தவே கூடாது.

அப்புறம் சீட் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கு மேலே தூக்கியிருந்தால் எந்த மெத்தையும் உதவாது. இறுக்கினாலும் மறுபடி தூக்கிக்கொள்கிறது என்றால் அடியில் இருக்கும் கிளாம்பின் பல் தேய்ந்துவிட்டது. புதிது 40 ரூபாய்.

இதற்குப் பிறகும் வலித்தால் ஜெல் கவர் வேண்டாம், ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டாக மாற்றுங்கள், 300 ரூபாய். நீங்கள் ஓட்டுவது நிமிர்ந்து உட்காருகிற சைக்கிள், உடம்பின் எடை முழுக்கச் சீட்டில் இறங்கும். அதற்கு அகலமும் ஸ்பிரிங்கும் வேண்டும். ஜெல் முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும், பிறகு எலும்பு அதில் அமிழ்ந்து மற்ற இடமெல்லாம் அழுந்தும். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் அந்தச் சூடு வேறு.

பால் ஊற்றுகிறேன். கேரியரில் 40 லிட்டர். பழைய கம்பி பிரேக் சைக்கிள். மழை பெய்தால் பிரேக் பிடிப்பதே இல்லை. வேறு பிரேக் மாற்ற எவ்வளவு ஆகும்?
— பால்காரர், அன்னவாசல்

அண்ணே, சைக்கிளை மாற்றுகிற செலவில் கால்வாசி ஆகும், அது இப்போது வேண்டாம். உங்கள் ரிம் பளபளக்கிற இரும்பு ரிம். அதில் தண்ணீர் பட்டால் ரப்பர் வழுக்கும். எந்தப் பிரேக் கட்டை போட்டாலும் மழையில் இரும்பு ரிம் மெதுவாகத்தான் நிற்கும். அதனால் நிற்க வேண்டிய இடத்துக்கு இருபது முப்பது அடி முன்னாலேயே லேசாகப் பிடித்து வாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் கட்டை தண்ணீரைத் துடைத்துவிடும், பிறகு பிடிக்கும். முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று பயந்து அதைக் கழற்றியே போட்டிருக்கிறீர்களோ என்று சந்தேகம், பால்காரர்கள் பலர் அப்படித்தான் வருகிறார்கள். பாதிக்கு மேல் நிறுத்துவதே முன் பிரேக்தான். மெதுவாகப் பிடித்தால் கவிழாது.

நான்கு கட்டையும் சேர்த்து 50 ரூபாய். கட்டையில் இருக்கிற வரிப்பள்ளம் மறைந்த அன்றே மாற்றிவிடுங்கள். நடுவில் கட்டை பளபளவென்று ஆகிவிட்டால் உப்புத்தாளால் சுரண்டுங்கள், ரிம்மை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். நாற்பது லிட்டரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்ல 50 ரூபாய்ச் செலவு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, பின் சக்கரக் கம்பியை எண்ணிப் பாருங்கள். உங்கள் மாதிரி பழைய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 இருக்க வேண்டும். சுமை பின்னால் என்று கணக்குப் போட்டு வைத்தது. ஒன்று குறைந்தாலும் பக்கத்துக் கம்பிகள் அந்தச் சுமையைத் தாங்கித் தாங்கி வரிசையாக ஒடியும்.

26 இன்ச் சைக்கிளுக்கு 26 இன்ச் டயர்தான் வாங்கினேன். மாட்டவே முடியவில்லை.
— வாசகர், விராலிமலை

உங்கள் மேல் தப்பில்லை. 26 என்று ஒரே பெயரில் மூன்று வகை டயர் நம் கடைகளில் இருக்கிறது. 26×1⅜ என்றால் ரிம்மில் உட்காரும் விட்டம் 590 மில்லிமீட்டர். 26×1½ என்றால் 584. 26×1.95, 26×2.10 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் 559. பின்னமும் புள்ளியும் ஒன்றுக்கொன்று சேராது. பழைய டயரின் பக்கவாட்டில் 37-590 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும். அந்தக் கடைசி மூன்று இலக்கத்தை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஓட்டிப் பார்க்காத டயர் என்றால் கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார்.

இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறேன். அப்பா பழைய டைனமோவையே மாட்டச் சொல்கிறார். சார்ஜ் லைட் வாங்கலாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
— மில் தொழிலாளி, புதுக்கோட்டை

உங்கள் ரோட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. டைனமோ 6 வோல்ட், 3 வாட். மிதித்தால்தான் எரியும், திருப்பத்தில் நின்றால் அணைந்துவிடும், மழையில் அதன் உருளை டயரில் வழுக்கும். சார்ஜ் லைட் 300 ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கிறது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. முன் லைட்டைத் தரையில் பதினைந்து இருபது அடி தூரத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரிச் சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் எதிரே வருகிறவர் கண் கூசி உங்கள் பக்கமே திரும்புவார்.

ஆனால் அப்பாவின் டைனமோவைக் காயலான் கடையில் போடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை கிராமத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று உங்களுக்கே தெரியும். சார்ஜ் போட வழியில்லாத அந்த ராத்திரிகளில் டைனமோ வைத்த பழைய சைக்கிளில்தான் நான் தெருத்தெருவாகப் போனேன்.

கியர் சைக்கிள் வைத்திருக்கிறேன். மொபைல் ஹோல்டர், ஸ்பீடு மீட்டர், கலர் பெடல், 2,000 ரூபாய் பட்ஜெட். எது நல்லது?
— ஐடி ஊழியர், திருச்சி

தம்பி, அந்த 2,000இல் முதலில் ஹெல்மெட், அடுத்து மட்கார்டு. உங்கள் மாதிரி சைக்கிள்கள் மட்கார்டு இல்லாமலே வருகின்றன, ஒரு ஐப்பசி மழையில் முதுகு முழுக்கச் சேறு. மீதியில் தண்ணீர் பாட்டில் கூடு. மொபைலைப் பையில் வையுங்கள், ஓட்டும்போது ரோட்டைப் பார்க்க வேண்டும்.

நான் ஒரு பெண். பஞ்சர் ஒட்டும் சாமான் 80 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் "இதெல்லாம் உன்னால் முடியாது" என்கிறார்கள். முடியுமா அக்கா?
— கல்லூரி மாணவி, புதுக்கோட்டை

முடியும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் ஒரு பெண்தான். 1991-92இல் எழுத்தறிவிக்க வந்த அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, எங்கள் தெருப் பெண்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பாவாடையைச் சொருகிக்கொண்டு பழகினோம். ஓட்டக் கற்ற இரண்டாம் வாரமே ஒரு பஞ்சர். வயலுக்கு நடுவில் நின்றோம். கூட வந்த தொண்டர் அக்கா பையிலிருந்து பஞ்சர் ஒட்டும் பசையான சொல்யூஷனை எடுத்து, "நீயே ஒட்டு" என்று என் கையில் கொடுத்தார்.

இப்போது உனக்குச் சொல்கிறேன். லீவர் இரண்டைச் செருகி டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்று. டியூபை வெளியே எடுத்துக் காற்று அடித்து, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கு. குமிழி வரும் இடத்தில் பேனாவால் வட்டம் போடு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால் அது முள் இல்லை. காற்றுக் குறைவாக ஓட்டி ரிம் கடித்தது. டியூபைத் துடைத்துக் காயவை. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய். சொல்யூஷனை பட்டையைவிடக் கொஞ்சம் அகலமாகத் தடவு. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே பட்டையை வைத்தால் ஒட்டாது. ஐந்து நிமிடம் பொறு. தொட்டால் விரலில் வராத பதம் வந்தபின் பட்டையை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நன்றாக அழுத்து. டியூபைத் திரும்ப வைக்கும் முன் டயருக்குள் துணியை விட்டு முள்ளைத் தேடு. கடைசியில் டயரைக் கையாலேயே உள்ளே தள்ளு. லீவரால் நெம்பினால் புது ஓட்டை போட்டுவிடுவாய்.

முதல் முறை சைக்கிளில் இருக்கிற டியூபில் பழகாதே. ஒரு பழைய டியூப் வாங்கி ஊசியால் ஐந்து ஓட்டை போட்டு, ஐந்தையும் ஒட்டு. மூன்றாவதிலேயே கை வந்துவிடும். பழைய டியூப் கிடைக்கவில்லை என்றால் கடைக்கு வா, என்னிடம் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது.